சிவப்புப் பொட்டு வைத்த தோட்டா

ஈயம் சாதுவான உலோகம், ஐயா. நகத்தால் கீறினாலே தடம் விழும். உடம்புக்குள் போனால் பூப்போல விரிந்து அங்கேயே நின்றுவிடும். மேலே செம்பு போர்த்திவிட்டால் விரியாது, நேராகத் துளைத்துக்கொண்டு போகும். பட்டாளத்து ரைபிளுக்கு அதுதான். புறாவுக்கு மிளகைவிடச் சிறிய ரவைகள் போதும். காட்டுப்பன்றிக்கு மட்டும் ஒற்றை ஈயக்குண்டு வேண்டும். ரவை பட்டால் பன்றி சாகாது. சுட்டவனைத் தேடி வரும்.

எங்கள் குடும்பத்துத் தோட்டாக்களை நிரப்புவது நான்தான். ஈயக்குண்டு போட்டதற்குச் சிவப்புப் பொட்டு வைப்பேன். அந்தப் பொட்டை இதுவரை யாரும் சந்தேகித்ததில்லை.

சித்தப்பா மகன் உத்தய்யா பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு, துப்பாக்கிகளுக்குப் பூசை செய்யும் கயில்போது பண்டிகையில் குறிபார்த்துச் சுட மர உச்சியில் கட்டும் தேங்காய் வேறு யாருக்கும் உடைந்ததில்லை. இந்த வருஷம் என் மனைவி போஜம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏங்க, உங்க துப்பாக்கிக்கும் தேங்காய்க்கும் ஏதாவது சண்டையா? பக்கத்துலகூடப் போக மாட்டேங்குதே."

எல்லாரும் சிரித்தார்கள். உத்தய்யா சிரிக்கவில்லை. உடைந்த தேங்காயில் பெரிய மூடியைப் பொறுக்கி என் கையில் வைத்தான்.

"தோட்டா அண்ணய்யா செஞ்சது, அண்ணி. நான் விரலை அசைச்சேன், அவ்வளவுதான்."

போஜம்மா அவனைப் பார்த்த பார்வையை நான் என் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. அவள் கேலியை மறந்துவிட்டேன். அந்த மூடியைத்தான் மறக்க முடியவில்லை.

வயலை அழித்த பன்றியைத் தேடிப் போனோம். அவனுடைய தோட்டாக்களில் ரவையை நிரப்பியிருந்தேன். பொட்டை வழக்கத்தைவிட அழகாகவே வைத்திருந்தேன். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணய்யா பொட்டு வெச்சா இக்குத்தப்பா சாமியே வெச்ச மாதிரி. இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்ல பன்னிக்கறிதான்."

மற்றவர்கள் நாய்களோடு ஓடைக்கு அப்பால் நின்றார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இருவர் மட்டும். பன்றி வந்தது. உத்தய்யா சுட்டான். குறி தப்பவில்லை, நெற்றியில்தான் பட்டது. பன்றி தலையை உதறிவிட்டு ஓடிவந்தது. மறுபடி சுட்டான். என் துப்பாக்கியில் ஈயக்குண்டு இருந்தது. அவன்மேல் பட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் சுடவில்லை.

"அண்ணய்யா, மரத்துல ஏறிக்கோ. என்னைப் பாக்காத, ஏறு."

பிறகு அவன் குரல் கேட்கவில்லை. சாவை ஊருக்குச் சொல்ல வானத்தை நோக்கி இரண்டு வெடி வெடிப்பது எங்கள் வழக்கம். இரண்டையும் நான்தான் வெடித்தேன்.

ஆமாம், ஐயா, கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பார்க்க ஒரு ஆளில்லாத காட்டில்கூட, என்னைவிட நல்லவன் என்று காட்டிக்கொள்ளத்தான் அவன் அப்படிக் கத்தினான்.