கவருக்குள் ஒரு டீ பேக்

புத்தகத்தோடு ஒரு டீ பேக்கும் வைத்து அனுப்பலாம் என்பது என் சொந்த யோசனை. இப்போது எல்லாரும் செய்கிறார்கள். சிலர் சாக்லேட் வைக்கிறார்கள், அது வெயில் காலத்தில் உருகி அட்டையைக் கெடுத்துவிடும். டீ பேக் அப்படியில்லை. வாசகி கவரைப் பிரித்ததும் கேத்தலில் தண்ணீர் கொதிக்கப் போட்டுவிட்டு முதல் அத்தியாயத்தோடு உட்கார்ந்துவிடுவாள். நீங்கள் கொடுத்த டீயைக் குறை சொல்லவில்லை, சார்ஜென்ட். போலீஸ் ஸ்டேஷன் பேப்பர் கப்பில் எந்த டீயும் இப்படித்தான் இருக்கும்.

என் பெயர் ஹிலரி ஆட்டர்ஷா. புத்தக அட்டையில் லவினியா மெரோ. மோர்க்கமில் கடல் பார்த்த வீடு என்று வாசகிகளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் மாடிக் குளியலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால்தான் கடல் தெரியும். இருபத்திரண்டு வருடம் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்தேன். வலியோடு வருகிறவர்களிடம் இன்னும் பத்தே நிமிஷம் என்று சிரித்த முகமாகச் சொல்வது என் வேலை. நன்றாகவே செய்தேன்.

காதல் கதைகளை நானே எழுதி நானே வெளியிடுகிறேன். பதிப்பகம் கிடையாது, விளம்பரம் செய்ய ஆள் கிடையாது. எனக்கு இருப்பவர்கள் வாசகிகள்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்கு ஒரு மின்கடிதம் போகும். இணையத்தில் ஒரு குழு இருக்கிறது, நாலாயிரத்துச் சொச்சம் பேர். அட்டையில் ஆணுக்குச் சட்டை வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். வேண்டாம் என்றுதான் எப்போதும் முடிவாகும். யார் எழுதினாலும் பதில் போடுவேன். யாருக்கு மூட்டுவலி, யாருடைய நாய் செத்தது, எல்லாம் தெரியும். புத்தகம் அனுப்புவதற்காக எல்லாருடைய முகவரியும் என்னிடம் இருக்கிறது. இதை நான் ஒரு பொறுப்பாகவே நினைத்தேன்.

எங்கள் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருத்தி, கெட்டிக்காரி, மூன்றாவது புத்தகத்தில் கதாநாயகனைச் சாகடித்தாள். ஒரே வாரத்தில் முந்நூறு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். இப்போது அவள் தரைக்கம்பளம் விற்கிறாள். சேர்வதற்கு முன்னால், முக்கால்வாசிப் பக்கத்தில், ஒரு பிரிவு வரலாம். வரவும் வேண்டும். அது இல்லாவிட்டால் சேர்வதில் ருசி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஜெனீன் எனக்கு முதலில் எழுதியது நான்கு வருடங்களுக்கு முன். ராச்டேலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிப் பிரிவில் வேலை. பதினாறு வயதில் கார்ல் என்று ஒரு பையனைக் காதலித்திருக்கிறாள், பிரிந்துவிட்டார்கள். பதினோரு வருடம் கழித்து அவள் கடைக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரியில் அவன். அடுத்த முறை வந்தபோது லாரியின் பின்கதவு அழுக்கில் விரலால் எழுதியிருந்தானாம், ‘ஜெனீன், என்னைக் கட்டிக்கிறியா’ என்று. பதில் வரும்வரை மூன்று வாரம் லாரியைக் கழுவவே இல்லை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுதலாமா என்று கேட்டேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் புத்தகம்தான் என்னை ஆளாக்கியது. பெயரைக்கூட மறைக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள். நிஜ ஜெனீன், நிஜ கார்ல். வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் அவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதாவிட்டால் வாசகிகள் விடமாட்டார்கள். இரண்டாவது புத்தகம் கல்யாணம். மூன்றாவதை அறிவித்து, முன்பதிவும் திறந்துவிட்டேன். அதற்குத் தேதி கொடுத்தாயிற்று.

அப்போதுதான் ஒரு மத்தியானம் ஜெனீன் போன் செய்தாள். ரகசியக் குரல்.

“லவினியா, அவரு வெளிய போறப்ப கதவ வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போறாரு. சாவி என்கிட்ட இல்ல.”

“எவ்வளவு நாளா கண்ணு?”

“ரெண்டாவது புக்கு வந்ததுலேந்து. எல்லாரும் என்னைப் பாக்குறாங்களாம். கடையில வேலையும் விட வெச்சிட்டாரு.”

“உங்கம்மாகிட்ட சொன்னியா?”

“அம்மா உங்க புக்க மூணு தடவ படிச்சிருக்காங்க. ‘உனக்குக் கெடச்ச மாதிரி யாருக்குடி கெடைக்கும்’ங்கறாங்க. அவரு நல்லவருன்னு ஊரே படிச்சு வெச்சிருக்கு. நான் சொன்னா யாரு நம்புவா, சொல்லுங்க?”

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கவில்லை. “புத்தகம் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறு கண்ணு. அஞ்சே மாசம். ஆம்பளைங்க இப்படித்தான், பயத்துல பண்றது.” பல் மருத்துவர் வரவேற்பில் பேசிப் பழகிய குரல் அது, தானாக வந்தது. அவள் நம்பினாள். நான் எழுதியதை எல்லாம் நம்பிய பெண் அவள்.

அடுத்த மாதம் அவளுடைய இரண்டு விரல் கதவிடுக்கில் நசுங்கின. தானாக நசுங்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கடிதத்தில், கேக் செய்யப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள், கார்ல் பக்கத்திலிருந்து சூப் ஊட்டுகிறார் என்று எழுதினேன். ஏதாவது எழுதியாக வேண்டுமே. நூற்றுக்கும் மேலே வாழ்த்து அட்டைகள் வந்தன. எல்லாவற்றையும் அவளுக்கே அனுப்பிவைத்தேன், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அவள் குழுவில் ஒரு பதிவு போட்டாள். ‘நீங்கள் படிப்பது என் வீட்டில் நடப்பது இல்லை. யாராவது வாருங்கள்.’ அவ்வளவுதான். நான் அதை நீக்கினேன். நாலு நிமிஷம்தான் இருந்தது, மூன்று பேர் பார்த்திருக்கலாம். குழுவின் முதல் விதியே இங்கே சோகம் கூடாது என்பதுதான். வேலை முடித்து வீடு வந்து, கால் நீட்டி, கொஞ்சம் சந்தோஷத்துக்காக வருகிற பெண்கள் அவர்கள். ஒருத்திக்காக விதியை மாற்ற முடியாது. தனியாக அவளுக்கு எழுதினேன், முக்கால்வாசிப் பக்கத்தில் எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று. அவள் பதில் போடவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிப்ரவரியில் அவள் குளியலறை ஜன்னல் வழியே ஒரே ஒரு பையோடு வெளியேறிவிட்டாள். கார்ல் எனக்கு எத்தனையோ முறை போன் செய்தான். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு அது உண்மை.

மார்ச் கடைசியில் ஒரு கடிதம் வந்தது, கையால் எழுதியது. கெண்டலில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. அம்மாவுக்கும் முகவரி தெரியாதாம். ‘என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே ஒரு சாவி உள்ள கதவு, அது என்னிடம் இருக்கிறது. உங்கள் மேல் கோபம்தான். ஆனாலும் மூன்றாவது புத்தகத்தை நான் படிக்க வேண்டும். அதிலாவது நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முகவரியை உங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறேன்.’

உங்களுக்கு மட்டும்தான். அந்த வரியை நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்த கடிதத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஏப்ரலில் எங்கள் ஊர் ஹோட்டல் ஒன்றில் காதல் எழுத்தாளர்கள் முப்பது பேர் சேர்ந்து கையெழுத்து விழா நடத்தினோம். வாசகிகள் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருவார்கள், புத்தகம் வாங்கி நிரப்ப. எனக்கு மூலை மேசை. முதுகுக்குப் பின்னால் என் பெயர் போட்ட பேனர், முன்னால் மேசை, மேசைக்கு முன்னால் நாற்பது பேர் வரிசை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம்வரை எழுந்து வர வழி கிடையாது.

பன்னிரண்டு மணிவாக்கில் வரிசையில் கார்ல் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் என் முதல் புத்தகம்.

பெவ் என்று என் குழுவில் ஒருத்தி, எல்லாவற்றிலும் முந்துகிறவள், வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் போட்ட போட்டோவை வைத்து அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். “ஏய், இவருதானே! லாரிக்காரரு! அடியேய், இங்க பாருங்கடி!”

செல்போன்கள் மேலே எழுந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழகாகக் குனிந்தான், நானே எழுதியிருப்பேன் அப்படி.

“ஜெனீன் எங்கப்பா?” என்றாள் பெவ்.

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. தப்பு என் பேர்லதான், நான் ஒரு மடையன்.” என்னைப் பார்த்தான். “நான் ஒண்ணும் கேக்கல மேடம். அவ பேரு போட்டு ஒரு புக்கு கையெழுத்து வெச்சுக் குடுங்க. அது போதும்.”

நாற்பது பெண்கள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது என் காதில் விழுந்தது.

“அட்ரஸ் உங்ககிட்ட இருக்குமே லவினியா!” என்றாள் பெவ். “எல்லாரு அட்ரஸும் உங்ககிட்டதானே இருக்கு. பாவம், அந்த மனுஷன் மூஞ்சியப் பாருங்க. சேத்து வைங்க!”

யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள்.

முதல் நாள் உங்களிடம், ஜெனீன் பெயர் எழுதிய கவர் மேசையில் கிடந்தது, கூட்டத்தில் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அது பொய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் அம்மா என் காலை மிதிக்கிறார், ஆனால் குழுவில் பெவ் போட்ட போட்டோ உங்களிடம் இருக்கிறது. தொள்ளாயிரம் பேர் அதற்கு இதயம் போட்டார்கள். அதில் நான் கவரை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நீலச் சட்டை எனக்கு எடுப்பாகவே இருக்கிறது.

அவன் யார் என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். பூட்டு தெரியும், விரல்கள் தெரியும். முகவரியே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு நேரமும் இருந்தது. புதிதாக வந்திருந்த மூன்றாவது புத்தகத்தில் அவள் பெயரை எழுதி, கீழே என் பெயரை எழுதி, கவரில் கெண்டல் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக, தபால்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். ஸ்டாம்ப் மட்டும் ஒட்டவில்லை. “நீங்களே கொண்டுபோய்க் குடுங்க கார்ல்” என்றேன். அந்த அறையில் எத்தனை சந்தோஷம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. என் வாழ்நாளில் என்னால் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்டதில்லை.

மாலை நாலரைக்கு அவன் அவள் கதவைத் தட்டி, “பார்சல், லவினியா மெரோ புக்கு” என்றானாம். கீழே பேக்கரிக்காரர் கேட்டிருக்கிறார். அதனால்தான் அவள் திறந்திருக்கிறாள். மற்றதை நீங்கள் போட்டோவாகவே எடுத்துவைத்திருக்கிறீர்கள், எனக்குக் காட்ட வேண்டாம். அவளைக் கொன்றது அவன். கதவைத் திறக்க வைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவள் அறையில் மேசைமேல் பிரித்துக் கிடந்த அந்தக் கவரில் ஏன் இரண்டு டீ பேக் இருந்தது என்று. ஆறு வருடத்தில் எல்லாருக்கும் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். அதில் மட்டும் யோசித்து, ஆளுக்கு ஒன்றாக இரண்டு வைத்தேன்.

எனக்கும் ஒன்று சொல்லுங்கள், சார்ஜென்ட். கேத்தல் சூடாக இருந்ததா? மேசைமேல் எத்தனை கோப்பை இருந்தது? இரண்டு இருந்திருந்தால் போதும். கதையை நான் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்வேன்.