கிளறும்போது கூப்பிடக் கூடாது

ஸ்வீட் கார்னைப் பறித்த அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் கிடந்தாலே அதன் இனிப்பு பாதியாகிவிடும். பச்சைத் தோலைப் பார்த்து ஏமாந்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். தோலைக் கொஞ்சம் விலக்கி, ஒரு முத்தை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். பால் தெறித்தால் நல்ல கதிர். தண்ணீர் வந்தால் பிஞ்சு. ஒன்றுமே வராவிட்டால் மாட்டுக்குப் போடலாம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டது நீங்கள்தான். அன்றைக்கு நடந்தது ரிசோட்டோ. அதைப் பற்றித் தெரியாமல் இந்தக் கேஸில் ஒரு அடி நகர முடியாது. பதினாறு நாளாக நீங்கள் நகரவும் இல்லை. ரைட்டர் சுடலைமுத்து சார் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் லூயிஸ். வயது ஐம்பத்தெட்டு. சொந்த ஊர் ஊட்டி காந்தல். உஷா அம்மாவிடம் இருபத்தாறு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். அவர் கணவர் தேயிலைக் கம்பெனியில் பெரிய மேனேஜர். அவர் இறந்த பிறகு அம்மா குன்னூர் மேட்டிலுள்ள அந்தப் பழைய பங்களாவில் தனியாக இருந்தார். பிள்ளைகள் கிடையாது. நான் சமையலுக்கு, ராக்கம்மா கூட்டிப் பெருக்க, துவைக்க. வேறு யாரும் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரோடு ஒருமுறை இத்தாலிக்குப் போனபோது அம்மா ரிசோட்டோ என்கிற குழைந்த சோறு செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்குச் சொல்லித் தந்தார். அந்த ஊர் அரிசி இங்கே கிடைக்காது. நாங்கள் சீரகச் சம்பா போடுவோம், கழுவாமல். கழுவினால் மாவு போய்விடும், மாவு போனால் பால்போல வராது. அரிசியைக் கழுவாமல் பொங்குவதா என்று ராக்கம்மா இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பாள். அவளுக்கு என்ன தெரியும்?

முதலில் கதிரிலிருந்து முத்துகளைச் சீவி எடுத்து, சக்கையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அதுதான் ரசம். முத்துகளில் பாதியை அரைத்து வடிகட்டினால் பால் கிடைக்கும். மீதிப் பாதி முழுசாக இருக்கட்டும். வெண்ணெயில் வெங்காயம் நிறம் மாறாமல் வதங்க வேண்டும். அரிசியைப் போட்டு, சூடேறியதும் ஒரு கரண்டி ரசம். அது வற்றியதும் இன்னொரு கரண்டி. இப்படியே இருபத்தைந்து நிமிஷம், மரக்கரண்டி நிற்கக் கூடாது. கடைசியில் சோளப் பால், முத்துகள், துருவிய சீஸ். பார்ஸ்லித் தழை போடவே கூடாது. சோளத்தின் இனிப்பை அது கெடுத்துவிடும் என்று அம்மா அதைத் தோட்டத்தோடு நிறுத்திவிட்டார். இறக்கியவுடன் தட்டில் போட்டு, தட்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டினால், ரிசோட்டோ தானாகப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் அது ரிசோட்டோ இல்லை. பத்து நிமிஷம் ஆறவிட்டாலும் இறுகிப் போகும்.

இதற்காக அம்மாவே ஒரு சட்டம் போட்டிருந்தார். அவர் அறையில் ஒரு வெண்கல மணி உண்டு. ஒரு தரம் அடித்தால் டீ. இரண்டு தரம் அடித்தால் கணப்புச் சட்டிக்குக் கரி. ஆனால் ரிசோட்டோ அடுப்பில் இருக்கும்போது மணி அடித்தாலும் நான் போகக் கூடாது. "நானே கூப்புட்டாலும் வராத லூயிஸ். கையெடுத்தியோ, அடிப்புடிச்சுப் போயிரும்" என்பார். ராக்கம்மாவுக்கும் இது தெரியும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சட்டத்தை மீறியதில்லை. இதை என் முதல் வாக்குமூலத்திலேயே சொன்னேன். நீங்களும் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள்.

போன தீபாவளிக்கு அம்மாவின் தங்கை மகன் ஹரிதாஸ் வந்து அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. இந்த ஈரத்தில் எதற்குக் கஷ்டப்படுகிறீர்கள், எங்களோடு இருந்துவிடுங்கள் என்று அங்கே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சரி என்றுவிட்டார்.

அவருக்குப் போக மனமே இல்லை, ஐயா. அதை நான்தான் அறிவேன். மலையில் நாற்பது வருஷம் இருந்தவர் கீழே மூன்று மாதம் தாங்க மாட்டார். வாடி வதங்கிப் போவார். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அது அவர் கண்ணில் தெரிந்தது. "அங்க என்னமா வெயிலடிக்குது தெரியுமா லூயிஸ், முட்டி வலியே காணம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பெட்டிகளை அவரே ஒரு வாரம் முன்னால் அடுக்கி முடித்துவிட்டார். எல்லாம் துக்கத்தை மறைக்கத்தான்.

தீபாவளி முடிந்து திரும்பிய அன்று இன்னொன்றும் சொன்னார். ஹரிதாஸின் மனைவி சுசீலா ரிசோட்டோ செய்து போட்டாளாம்.

"குக்கர்ல வெச்சா லூயிஸ். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூணு விசில். வித்தியாசமே தெரியல போ. நாமதான் இத்தன வருஷமா கைய ஒடச்சுட்டு இருந்திருக்கறோம்" என்றார்.

நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து, என் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார், சுசீலாவுக்குக் கொடுக்க. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்தத் தாள் மருந்துச் சீட்டுகளோடு மடிந்து கிடந்தது. அதனால் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள், சுடலைமுத்து சார். இதெல்லாம் ஒரு விஷயமா?

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை அம்மா கிளம்புவதாக இருந்தது. நவம்பர் மழை, மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, போனும் செத்துக் கிடந்தது. ஹீட்டர் ஓடாததால் அம்மா அறையில் காலையிலிருந்தே கணப்புச் சட்டி. கரி கனிந்து சிவப்பாக இருந்தது. மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், கணப்பு வைத்த அறையில் ஒரு ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். கரியிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம். வருஷத்துக்கு ஒரு குடும்பமாவது கீழேயிருந்து வந்து, குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுத்து, எழுந்திருக்காமல் போகிறது. உங்களுக்கே அனுபவம் இருக்கும்.

அம்மாவைக் கூட்டிப்போக வந்து தங்கியிருந்த ஹரிதாஸும் கீழ் ஊர்க்காரர்தான். பதினோரு மணிக்கு அறைக்குள் வந்து கையைத் தேய்த்தார்.

"ஏனுங்க லூயிசண்ணா, இந்தக் குளுருல ஜன்னலத் தொறந்து வெச்சிருக்கறீங்க? பெரியம்மாவுக்கு இருமல் வந்துருமுங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்துச் சாத்தினார். சந்தில் ஒரு பழைய பேப்பரையும் மடித்துச் செருகினார். அம்மா அப்போது நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார்.

அதைத்தான் அவர் உங்களிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். "எங்கையாலயே கொன்னுட்டனுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான்தான் தேற்றினேன். உங்களுக்குத் தெரியாதுங்களே தம்பி, மலை வழக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். பாவமாகத்தான் இருந்தது.

நான் எதுவும் செய்யவில்லை. சாத்திய ஜன்னலைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஹரிதாஸ் பெட்டி கட்டக் கயிறு வாங்கப் பதினொன்றரைக்கு டவுனுக்குப் போனார். போன பிறகு கணப்பில் ஒரு கூடை கரி போட்டேன். தரையைத் துடைத்தேன். துடைப்பதற்கு இடைஞ்சலாக இருந்த வாக்கரை வெளியே ஹாலில் வைத்தேன். வெளியே வரும்போது கதவைச் சாத்தினேன், வெங்காய வாசனை போகாமல் இருக்க. வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். காற்றில் அந்தக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். வாக்கர் ஹாலில் கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். ஹரிதாஸ்தான் பதற்றத்தில் இழுத்துப் போட்டிருப்பார் என்று எழுதிக்கொண்டீர்கள்.

கதிர்கள் அன்று காலைதான் இத்தலாரிலிருந்து காய்கறி வேனில் வந்திருந்தன. நகத்தால் கீறினேன், பால் முகத்தில் தெறித்தது. அவ்வளவு நல்ல கதிர் இந்த வருஷத்திலேயே வரவில்லை. மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டே முக்கால் சுமாருக்கு அம்மாவின் மணி அடித்தது. ஒரு தரமும் இல்லை, இரண்டு தரமும் இல்லை. விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் அடித்தது. பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்த ராக்கம்மா சமையலறை ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, அம்மா மணி அடிக்கறாங்கண்ணே."

"ரிசோட்டோ அடுப்புல இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியுது, கெளர்ற சத்தம் கேக்குதே. நா வேணா போய்ப் பாக்கட்டா? என்னமோ ஒரு மாதிரி அடிக்கறாங்க."

"ஈரக் காலோட அந்த ரூமுக்குள்ள போவியா? இப்பத்தான் தொடச்சேன். நீ கீழ்ப் பாத்திக்குப் போய் பார்ஸ்லி பறிச்சுட்டு வா. நல்ல எலையாப் பாத்துப் பறி" என்றேன்.

கீழ்ப் பாத்தி தெரியுமல்லவா உங்களுக்கு, நாற்பது படி இறங்க வேண்டும். அவளுக்கு மூட்டுவலி. அவள் போனாள். மணி இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது. "லூயிஸ்" என்று ஒரு தடவை கேட்டதுபோல் இருந்தது. பிறகு மணி தரையில் விழுந்து உருண்டது. அதன் பிறகு மழைச் சத்தம்தான்.

ராக்கம்மா பார்ஸ்லியோடு திரும்பி வந்தபோது அதைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னேன். ஒன்றேகாலுக்கு ஹரிதாஸின் ஜீப் சத்தம் கேட்டது. கேட்டைத் திறந்துவிடச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, நான் போய் அறைத் தாழ்ப்பாளை விலக்கினேன். மீதி உங்களுக்குத் தெரியும். ஹரிதாஸ் நேராக அறைக்குள் போனார். நான் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வந்ததும் முதலில் என் சாப்பாட்டைத்தான் சந்தேகப்பட்டீர்கள். மூடியைத் திறந்து பார்த்து, "என்னய்யா இது, பொங்கல் கணக்கா நிக்குது?" என்றீர்கள். அதில் ஒரு பொட்டலம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினீர்கள். விஷம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. என் கையால் செய்ததில் விஷமா? கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் இரண்டாவது வரி ஒன்று இருந்ததே, ஐயா. 'கெட்டியாக இறுகிய அரிசி உணவு.' கேஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். சாப்பிட ஆள் மேசைக்கு வருமுன்னே இறக்கி இறுகவிடுகிறவனா நான் என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஜன்னல் சாத்திய விபத்து, பாவம், ஊர் தெரியாத பிள்ளை என்று மூடப் போகிறீர்கள்.

அந்தப் பிள்ளை பதினாறு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அவர் மேல் இரக்கப்பட்டு, மனசாட்சி உறுத்தித்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் கோயம்புத்தூரில் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். நானும் போயிருந்தேன். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது வழக்கம் அல்லவா. விடியற்காலையிலேயே நான் போய், சமையலறையில் கை வைக்கப் போனேன்.

"நீங்க உக்காருங்ண்ணா. ரொம்ப மனசொடஞ்சு போயிருக்கறீங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் சுசீலா. பேச்சில் ஒரு குறையும் இல்லை, மரியாதையான பெண்.

குக்கர் மூன்று விசில் அடித்தது. நான் ஹாலில் உட்கார்ந்து எண்ணினேன். பிறகு அதை வாழையிலையில், வடைக்கும் பாயசத்துக்கும் நடுவில், அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் வைத்தார்கள். மேலே பச்சைப் பசேலென்று பார்ஸ்லி தூவியிருந்தது. "பெரியம்மாவுக்கு இதுதானுங்க உசுரு" என்று ஹரிதாஸ் கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? சாப்பிடாமல் பஸ் ஏறி, நேராக இங்கே வந்தேன்.

இனி அந்த இறுகிய சோற்றுக்கு வருகிறேன். அன்றைக்கு நான் பன்னிரண்டரைக்கு அரிசி போட்டதாக முதலில் சொன்னேன். அது பொய். பதினொன்றேமுக்காலுக்கே போட்டுவிட்டேன். பன்னிரண்டு பத்துக்கு ரிசோட்டோ இறங்கிவிட்டது. தட்டில் ஒரு கரண்டி போட்டு அடியில் தட்டிப் பார்த்தேன், அழகாகப் பரவியது. என் ஆயுசில் அதைவிட நன்றாக நான் செய்ததில்லை. வேறு பாத்திரத்துக்கு மாற்றி மூடி வைத்தேன். சமைத்த பாத்திரத்தைக் கழுவி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் அடுப்பில் ஏற்றினேன். மணி அடித்தபோது ராக்கம்மாவின் காதில் விழுந்தது அந்தத் தண்ணீரைக் கிளறும் சத்தம்தான்.

மணி விழுந்து உருண்ட பிறகும் நான் கையை எடுக்கவில்லை, ஐயா. தண்ணீர் வற்றி, வெறும் பாத்திரத்தில் கரண்டி உரசிக்கொண்டிருந்தது. அப்போதும் கிளறிக்கொண்டேதான் இருந்தேன். பாதியில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம், அதை நான் எப்படி மீறுவேன்?