நெற்றியில் இட்ட சிலுவை

பிறர் உரையாடலுக்குச் செவிகொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும், லவால் நகருக்குச் செல்லும் மெத்ரோ ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த சகோதரர் இருவருள் மூத்தவர், "அப்பாவைப் பார்க்க இனி நீ வராதை, அன்ரன்" என்றபோது, கையிலிருந்த நாளிதழைத் தொடர்ந்து வாசிக்க என்னால் இயலவில்லை.

"ஏன் அண்ணை? நான் என்ன பைபிளில வாற யாக்கோபோ, கண் தெரியாத தகப்பனை ஏமாத்தி அண்ணன்ர ஆசீர்வாதத்தைக் களவெடுக்க?"

"நான் ஏசாவும் இல்லை. அவன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து ஏமாத்தினவை. நான் அப்பாவை விட்டு ஒரு நாளும் விலகேல்லை."

"அவருக்கு என்னிலதான் பட்சம் எண்டு கோயில் சனம் முழுக்கத் தெரியும். அதுக்கு நான் என்ன செய்ய?" என்று இளையவர் சிரித்தார்.

மூத்தவர் சிரிக்கவில்லை.

"அவருக்கு இப்ப கண் துப்பரவாத் தெரியாது. விடிய நான் வேலைக்கு வெளிக்கிடேக்க முழங்காலில நிண்டால், நெத்தியில சிலுவை போட்டு, 'ஆண்டவர் உன்னைக் காப்பாத்தட்டும், அன்ரன்' எண்டுவார்."

"'நான் மூத்தவன்' எண்டு சொல்லுறதுதானே அண்ணை?"

"ஒருக்காச் சொன்னன். தூக்கின கையை இறக்கிப் போட்டார்."

அடுத்த நிலையத்தில் வண்டி நின்று புறப்பட்டது. பின்னர் மூத்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இப்ப உன்ர பேருக்கு 'ஓம் அப்பா' எண்டிட்டு நெத்தியைக் காட்டுறன். நீ வந்து பக்கத்தில இருந்து கதைச்சால், காலமையில முழங்காலில நிக்கிறது ஆரெண்டு அவருக்கு விளங்கிடும்."