மெஷினை நிறுத்தினது யாரு?

சின்னமனூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஒரு மில்லில் நூல் மெஷின் ஓட்டும் பெண்ணும் அங்கேயே கம்ப்யூட்டர் பார்ப்பவரும்.

"மெஷின் எப்ப நின்னுச்சுன்னு தேடுனா கம்ப்யூட்டரு அரை மணி நேரம் சுத்துச்சுக்கா. பதிவெல்லாம் டிஸ்க்குல அங்கன கொஞ்சம் இங்கன கொஞ்சம்னு செதறிக் கெடந்துச்சு. ஒழுங்குபடுத்த ஒருநாள் குடுங்கன்னேன். மேனேஜர் முடியாதுன்னுட்டாக."

"அதுக்குள்ள நான்தான் நிறுத்துனேன்னு என்னைய வீட்டுல உக்கார வச்சுட்டாக."

"நேத்து லீவு நாள்ல நானே போயிச் சரிபண்ணிட்டேன்க்கா. தேடுன ஒடனே வந்துருச்சு. உங்க மெஷினுக்கு மட்டும் கரண்டு போயித்தான் நின்னுருக்கு. உங்க மேல தப்பில்ல. அதான் இன்னிக்கி உங்கள வரச் சொன்னாக."

அந்தப் பெண் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதைத்தானப்பா நாலு நாளா நான் வாயால சொன்னேன்!"