கல் குடித்த மருந்து

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் தொடங்கினாள்.

“மருந்தெல்லாத்தையும் கல்லு குடிச்சிட்டு, ராத்தா.”

“கல்லு குடிக்குமா புள்ள?”

“மகன்ட கடல் மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வேற தொட்டியில தனியா விட்டு மருந்து ஊத்தச் சொல்லிட்டுக் கத்தாருக்குப் போனான். வெறுந்தொட்டிக்குள்ள ஒதுங்க இடமில்லாம மூலைக்கு மூலை ஓடிச்சு. பாவமெண்டு கடற்கரையில கிடந்த முருகைக்கல்லொண்டை வெச்சன். அது மருந்தை உறிஞ்சிருமெண்டு மீன்கடைக்காரர் பொறகுதான் சொன்னார்.”

“மீன்?”

“செத்துட்டு.”

“மகனுக்குச் சொன்னியா?”

“இல்ல. நேத்து வீடியோ கோல்ல மீனைக் காட்டச் சொன்னான். கல்லைக் காட்டி, பின்னால ஒளிச்சிருக்கு மகன் எண்டன். இரையைப் போடுங்க உம்மா, வெளிய வரும் எண்டான்.”

“பொறகு?”

“போட்டன். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தம்.”