ஒரு பிடி கறுப்புக் கொள்ளு

ஆரணியிலிருந்து தேசூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"மாட்டுக்குப் போடற கொள்ளுக்கா காலேஜ்லருந்து வந்த?" என்றார், மடியில் கொள்ளுப் பை வைத்திருந்தவர்.

பக்கத்தில், ஒரு பிடி கேட்டுக் காகித உறையை விரித்திருந்த விதை சேகரிக்கும் மாணவி சிரித்தாள். "இந்தக் கறுப்புல இரும்புச்சத்து ஜாஸ்திக்கா, காய்ப்புதான் கம்மி. நல்லா காய்க்கிற ரகத்தோட சேத்துப் புது ரகம் ஆக்குனா ரெண்டும் கெடைக்கலாம்."

"எப்ப கைக்கு வரும்?"

"ஏழெட்டு வருஷம் ஆவுங்க."

அவர் பைக்குள் கைவிட்டுக் கொள்ளை அளைந்தார். "எம் பொண்ணு முழுகாம இருக்கா. ரத்தம் கம்மின்னு சொல்லிகினே இருக்காங்க. அவளுக்குத்தான் எடுத்துகினு போறேன்."

"அப்ப வேணாங்கக்கா." மாணவி உறையை மூடினாள்.

அதை அவரே வாங்கிப் பிரித்து, தன் பையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

"பொறக்கப்போற புள்ளைக்கு அப்ப ஏழு வயசு ஆயிருக்கும். அது துன்னட்டும்."