நாற்பத்தொரு பெயர்களில் இல்லாத ஒடெஸ்ஸா ப்ரூயிட்

ஒடெஸ்ஸா ப்ரூயிட்டின் பெயரை அடித்து நீக்கியவர் இந்த மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

போதகர் கோல்வின் அவர்களே, எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் டாக்டர் ஹோல்ப்ரூக் அவர்களே, முதல் வரிசையில் அழுதுகொண்டிருக்கும் ஒடெஸ்ஸாவின் மகள் லவோனியாவே, அலபாமாவின் மூலைமுடுக்கிலிருந்து வந்திருக்கும் தேவாலயச் சொந்தங்களே! இரங்கல் கூட்டத்தில் இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். வேறு எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் விண்வெளித் தொலைநோக்கியைக் கண்காணித்தவர் ஒடெஸ்ஸா. முனைவர் பட்டம் இல்லை. ஒப்பந்த வேலை. ஆனால் திரையில் ஓடும் அந்தக் கோடுகளை அவரைப்போல் படித்தவர் யார்? சொல்லுங்கள், யார்?

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காமாக் கதிர்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. "துகள் மோதல்" என்று கணினி முத்திரை குத்தியது. பூமியைச் சுற்றும் மின்துகள்கள் கருவியில் மோதி இப்படி ஏமாற்றுவது வழக்கம். டாக்டர் ஹோல்ப்ரூக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, "துகள்தான், விடுங்க" என்றார்.

ஒடெஸ்ஸா விடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"லின்வுட், இங்க வா. வேர்க்கடலையைக் கீழ வை, கையைத் துடை. துகள்னா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மோதும். இது ஒரு பக்கமாத்தான் வருது. ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. பாத்தியா?"

"கம்ப்யூட்டர் இல்லைங்குதே, மிஸ் ஒடெஸ்ஸா?"

"கம்ப்யூட்டருக்கு வயசு ஆறு. எனக்கு அம்பத்தெட்டு."

செவ்வாய்க் கோளுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு விண்கலத்தின் குழுவுக்கு அவரே எழுதிக் கேட்டார். அதே இரண்டு மேடுகள், நான்கு நிமிடம் தாமதமாக, அங்கேயும் பதிவாகியிருந்தன. அந்த நேர வித்தியாசத்தை வைத்து, கதிர் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று வானத்தில் ஒரு வளையம் வரைந்தோம். அந்த வளையத்துக்குள் தேடிய தொலைநோக்கிகள், மங்கிக்கொண்டிருந்த ஒளியைப் பிடித்தன. காமாக் கதிர் வெடிப்பு! எழுநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு நட்சத்திரம்! துகள் என்று குப்பைக்குப் போயிருக்க வேண்டியது!

அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எங்கள் குழு எழுதிய கட்டுரையில் நாற்பத்தொரு பெயர்கள். வரைவில் ஒடெஸ்ஸாவின் பெயரும் இருந்தது. "கருவி பாக்கிறவங்க ஆய்வாளர் இல்லை" என்று டாக்டர் ஹோல்ப்ரூக் அடித்தார். கடைசிப் பக்கத்தில் "பணிக்குழுவுக்கு நன்றி" என்று ஒரு வரி. அவ்வளவுதான். என் பெயர் இருபத்தொன்பதாவது. அடித்த அன்று நான் வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையில் சாகக் கிடந்த ஒடெஸ்ஸா, ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு என்னிடம் கேட்டார்: "கட்டுரையில என் பேர் எத்தனாவது, தம்பி?"

"மூணாவது" என்றேன்.

"மூணாவதா? எனக்கு முன்னாடி எந்தத் தடியன் உக்காந்திருக்கான்?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நான் பொய் சொன்னேன், மக்களே! அந்தப் பொய்யோடுதான் அவரைப் புதைத்தோம்.

நாளையிலிருந்து அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். கணினி தள்ளிவிடும் ஒவ்வொன்றையும் என் கண்ணால் பார்ப்பேன். இது உறுதி.

ஆனால் டாக்டர் ஹோல்ப்ரூக், கட்டுரை இன்னும் அச்சேறவில்லை; அதன் மெய்ப்பு உங்களிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை திருத்தலாம். இறந்தவர் பெயரைச் சேர்த்து, பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி போடுவது நம் துறையில் வழக்கம்தானே? மூன்றாவது இடத்தில் அந்தப் பெயரைப் போடுங்கள். போடுகிறேன் என்று இந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

மேசையைப் பார்க்காதீர்கள், ஐயா. அவர் மகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.